நாழிகைக் கணக்கும் ஸகாத் கணக்கும்

காத்தான்குடியில் எங்கள் மூத்தவாப்பா ஆற்றில் வலை போடப் போகும்போது கடிகாரம் கொண்டுபோக மாட்டார். மேற்கே பார்த்துவிட்டு, "பிறை விழ இன்னும் ரெண்டு நாழிகை இரிக்கி மனே" என்பார். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 60 விநாடி. அப்படியென்றால் ஒரு நாழிகை 24 நிமிடம். அந்தக் கால விநாடி 24 செக்கன்.

இந்தச் சின்ன அளவுகளுக்கு ஹிஜ்ரி ஆண்டில் பெரிய வேலை இருக்கிறது. ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரியாக 29 நாள், 12 மணி, 44 நிமிடம், 3 செக்கன். இருபத்தொன்பதரை நாளைப் பன்னிரண்டால் பெருக்கினால் 354 நாள் வரும். விடுபட்ட 44 நிமிடம், அதாவது 1 நாழிகை 50 விநாடி, எங்கே போகிறது?

12 மாதத்தில் அது 8 மணி 48 நிமிடம் 36 செக்கன் ஆகிறது. 30 வருடத்தில் 264 மணி 18 நிமிடம். அதாவது 11 நாளும் 18 நிமிடமும். அதனால்தான் முஸ்லிம் வானியலாளர்கள் வகுத்த அட்டவணையில் 30 ஆண்டுக்கு 11 ஆண்டுகள் 355 நாளாக வருகின்றன. மிஞ்சிய 18 நிமிடம் ஒரு முழு நாளாக ஏறத்தாழ 2400 வருடம் வேண்டும். நமக்கு மாதம் பிறப்பது பிறை கண்டுதான். அட்டவணை நீண்ட காலத்தைக் கணக்கிட மட்டும் உதவுகிறது.

இது வெறும் கணக்கு விளையாட்டல்ல. என் வாப்பா கடை வைத்திருந்தவர். டிசம்பர் 31இல் சரக்கை எண்ணி, இரண்டரை வீதம் ஸகாத்தை ஒதுக்கிவிடுவார். ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. அவர் மௌத்தான பிறகு கொப்பிகளைப் புரட்டினேன்: 33 வருடம், 33 ஸகாத். ஆனால் ஸகாத்துக்குரிய வருடம் பிறை வருடம். அது ஆங்கில வருடத்தைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. 33 ஆங்கில வருடத்தை நாளாக்கினால் 12,053, அதை 354.37ஆல் வகுத்தால் 34 வருகிறது.

நேர்மையான மனிதர், ஒரு ஸகாத்தைக் கொடுக்காமலே போய்விட்டார்!

ஆலிம் ஒருவரிடம் கேட்டேன். "அது கடன்தான் தம்பி, அவர்ர சொத்துலருந்து குடுத்திருங்க" என்றார். கொடுத்தோம்.

உங்கள் கடைக் கணக்கும் டிசம்பரிலா முடிகிறது? றமழானையோ வேறொரு பிறை மாதத்தையோ ஸகாத்துக்குக் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கில வருடத்தை விடவே முடியாத நிறுவனங்கள் 2.5ஐ 365ஆல் பெருக்கி 354ஆல் வகுத்து, ஏறத்தாழ 2.577 வீதம் கொடுக்கின்றன. நூறு ரூபாவுக்கு எட்டுச் சதம்தான் வித்தியாசம். எங்கள் கொப்பியில் அந்த எட்டுச் சதம்தான் ஒரு வருட ஸகாத்தாகச் சேர்ந்து கிடந்தது.