சரிவில் ஒரு மட்டம்: அப்புத்தளையில் பூல் மேசை பொருத்திய அனுபவம்

அப்புத்தளைக்குக் கீழேயுள்ள எங்கள் தோட்டத்து வாசிகசாலைக்குப் போன வருடம் ஒரு பழைய பூல் மேசை வந்தது. கொழும்பில் மூடப்பட்ட ஒரு விடுதியில் கிடந்ததை, அங்கே வேலை செய்த எங்கள் பொடியன்கள் கேட்டு வாங்கி, பெரகலை வழியாக லொறியில் அனுப்பியிருந்தார்கள். கால்கள், மரச்சட்டம், குஷன்கள், மூன்று சிலேட்டுக் கற்கள். நான் மரவேலை செய்பவன் என்பதால் பொருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் நாளே ஒரு கல்லின் மூலையை உடைத்துவிட்டேன். அது ஏன் உடைந்தது, பிறகு எப்படிப் பொருத்தினோம் என்பதை எழுதினால் இதே வேலையில் இறங்கும் இன்னொருவருக்கு உதவும்.

மலைநாட்டுக்கு இந்த மேசை புதிதல்ல. நுவரெலியாவில் 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் பில்லியர்ட்ஸ் அறை உண்டு. ஸ்னூக்கர் விதிகள் 1882இல் ஊட்டியின் ஆங்கிலேயர் கிளப்பில் எழுதி ஒட்டப்பட்டன. துரைமார் ஆடினார்கள், நம் ஆட்கள் தட்டேந்தி நின்றார்கள். ஆனால் 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றவர் இலங்கையரான எம்.ஜே.எம். லாபிர். எங்கள் பிள்ளைகளும் ஒழுங்கான மேசையில் ஆட வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

ஏன் கல்?

ஆரம்பத்தில் இந்த மேசைகளின் தளம் மரப்பலகையாகவே இருந்தது. ஈரத்தில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். 1820களில் லண்டனில் ஜான் தேர்ஸ்டன் சிலேட்டுக் கல்லைக் கொண்டுவந்தார். அது நேராகப் பிளக்கும், மட்டமாக இழைக்கலாம், ஈரத்துக்கு வளையாது. வருடத்தில் பாதி நாள் மூடுபனிக்குள் இருக்கும் அப்புத்தளைக்கு இதைவிடப் பொருத்தமான தளம் இல்லை.

ஆனால் அது பாரம். எங்களுடையது எட்டடி மேசை. ஓர் அங்குலத் தடிப்புள்ள மூன்று கற்களும் சேர்ந்து இருநூறு கிலோவுக்கு மேல். பன்னிரண்டு அடி ஸ்னூக்கர் மேசையென்றால் ஐந்து கற்கள். கிட்டத்தட்ட ஒரு தொன் வரும். கல்லைப் படுக்கையாகத் தூக்கினால் தன் பாரத்திலேயே நடுவில் முறியலாம். கதவைத் தூக்குவதுபோல் நிமிர்த்தித் தூக்க வேண்டும். ரோட்டிலிருந்து வாசிகசாலைக்கு எண்பது படிகள். ஒரு கல்லுக்கு நான்கு பேர் என்று மாறி மாறிச் சுமந்தோம்.

நான் விட்ட பிழை

சட்டத்தைப் பூட்டி, கற்களை வைத்து, மின் துரப்பணத்தால் திருகாணிகளை இறுக்கினேன். ஒரு மூலையில் கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே சிறு இடைவெளி தெரிந்தது. இறுக்கினால் கல் கீழே உட்காரும் என்று நினைத்தேன். கல் வளையவில்லை. திருகாணித் துளையிலிருந்து ஓரம் வரை வெடித்தது.

பக்கத்து லயனில் ஒரு மேசன் மாமா இருக்கிறார். 83 கலவரத்துக்குப் பிறகு வவுனியாப் பக்கம் போய், அங்கேயும் இடம்பெயர்ந்து, எத்தனையோ மீள்குடியேற்ற வீடுகளுக்கு அத்திவாரம் போட்டுவிட்டுத் திரும்பியவர். பூல் மேசையை அவர் அதுவரை பார்த்ததேயில்லை. வெடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கல்ல இறுக்கி மட்டமாக்க ஏலாது. கீழ இருக்கிறத மட்டமாக்குங்க, கல்லு தன்னால மட்டமா இருக்கும்."

இந்த வேலையின் முழுப் பாடமும் அதுதான். திருகாணியின் வேலை கல்லை அசையாமல் வைத்திருப்பது மட்டுமே.

செய்த முறை

எல்லாவற்றையும் கழற்றினோம். உடைந்த துண்டை எபொக்சிப் பசையால் ஒட்டி, அதன் கீழே சட்டத்தில் ஒரு பலகைத் தாங்கி கொடுத்தேன். மாமா, வீடு கட்டும்போது செய்வதைப்போல, தெளிந்த குழாயில் தண்ணீர் நிரப்பி நான்கு கால்களின் உயரத்தையும் ஒப்பிட்டார். தாழ்ந்த கால்களுக்குக் கீழே தகடு வைத்தோம். சட்டத்தின் இரு மூலைவிட்டங்களும் ஒரே அளவா என்று நாடாவால் அளந்தோம்.

பிறகு நடுக்கல், அதன் பின் இரு ஓரக் கற்கள். கற்களின் பக்கத்திலுள்ள பித்தளை முளைகள் எதிர்த் துளைகளில் சரியாக இறங்க வேண்டும். ஸ்பிரிட் லெவலை நீளத்திலும் அகலத்திலும் குறுக்காகவும் வைத்துப் பார்த்து, தாழ்ந்த இடத்தில் மெல்லிய மர ஆப்பு செருகினோம். ஆப்பு திருகாணித் துளையை ஒட்டியே இருக்க வேண்டும். தள்ளியிருந்தால் இறுக்கும்போது கல் மறுபடியும் வெடிக்கும்.

மரத்தில் முதலில் சிறு துளையிட்டு, திருகாணிகளைக் கையால் மட்டும் திருப்பினோம். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. எதிரெதிர் மூலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு சுற்றுக்கும் லெவல் பார்க்க வேண்டும். திருகாணித் தலை கல்லின் மேற்பரப்புக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். கற்கள் சேரும் இடத்தை விரல் நுனியால் தடவினோம். தட்டுப்பட்ட இடத்தில், தாழ்ந்த கல்லுக்குக் கீழே சீட்டுக்கட்டின் அட்டையொன்றைச் செருகினோம். கடைசியில் உருக்கிய தேன்மெழுகை இடுக்கில் ஊற்றி, ஆறியபின் தகட்டால் வழித்தோம். துணி போடுமுன் ஒரு பந்தை மெதுவாக உருட்டிப் பார்த்தோம். அது நேராகப் போய் நின்றது.

மேசை சாய்ந்தால்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியதை இங்கே யாரும் மறக்கவில்லை. தரையிலும் சுவரிலும் புதிய வெடிப்பு, சாயும் மரங்களும் மின்கம்பங்களும், திடீர் ஊற்று, கலங்கிய நீர் ஆகியவற்றைக் கவனிக்கும்படி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. எங்கள் வாசிகசாலையும் சரிவில்தான் நிற்கிறது.

அதனால் மாதம் ஒருமுறை மேசையின் மட்டத்தைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுகிறோம். மழைக்காலத்தில் சட்டத்து மரம் ஊதிக் கொஞ்சம் மாறும். வெயில் வந்தால் திரும்பும். அதற்கு ஆப்பைச் சரிசெய்தால் போதும். ஆனால் ஒரே பக்கம் தொடர்ந்து இறங்கி, தரையிலும் வெடிப்புக் கண்டால் ஆப்பைத் தொட வேண்டாம் என்று பொடியன்களிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கதவைப் பூட்டி, கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்து, கீழ் லயன்காரர்களையும் எழுப்ப வேண்டும்.