மூச்சுக்குழலை இறுக்கும் கால்சியம்

ஓசூரில் மூக்கண்டப்பள்ளியை ஒட்டி வளர்ந்திருக்கிறது சிப்காட் தொழிற்பேட்டை. வாகனமும் உதிரிபாகமும் செய்யும் இடத்தில் பெயின்ட் அடிக்கும் வேலையும் உண்டு. உறுதியான பளபளப்பு வேண்டுமென்றால் இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிப்பார்கள்: ஒன்றில் பெயின்ட், மற்றொன்றில் ஹார்டனர். அந்த ஹார்டனரில் பெரும்பாலும் ஐசோசயனேட் இருக்கும். ஸ்ப்ரே கன்னிலிருந்து பறக்கும் அதன் நுண்துளியை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சுவாசிப்பவர்களில் சிலருக்கு ஆஸ்துமா வருகிறது. வீசிங் வந்தால் இன்ஹேலரை இரண்டு முறை இழுத்துவிட்டு மறுபடியும் அதே பெயின்ட் அடிக்கும் பூத்துக்குள் போவது சிகிச்சை ஆகாது என்பதே என் வாதம். அதற்கான சான்று மூச்சுக்குழல் தசையின் செல்லுக்குள் இருக்கிறது.

மூச்சுக்குழல்களைச் சுற்றி, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத வரியற்ற தசை ஓடுகிறது. அது சுருங்கினால் குழல் குறுகும். மூச்சை வெளியே விடும்போது விசில் சத்தம் கேட்கும். சுருங்கச் சொல்லும் கட்டளை கால்சியம். ஓய்வில் இருக்கும் செல்லுக்குள் கால்சியத்தின் அளவு, வெளியே இருப்பதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். நரம்பு முனையிலிருந்து அசிடைல்கோலினோ, ஒவ்வாமைச் செல்லிலிருந்து ஹிஸ்டமினோ வந்து தொட்டதும், உள்ளே ஐபி3 என்ற சிறு மூலக்கூறு உருவாகி செல்லின் சேமிப்பறையைத் திறந்துவிடுகிறது. கால்சியம் ஒரேயடியாகக் கொட்டாமல் அலை அலையாகப் புறப்படுகிறது. கால்மோடுலின் என்ற புரதம் அதைப் பற்றிக்கொண்டு ஒரு நொதியை முடுக்க, தசை இறுகுகிறது. உயிருள்ள நுரையீரல் சீவல்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, அலைகள் அடுத்தடுத்து விரைவாக வர வர குழல் மேலும் குறுகுவது தெரிந்தது.

அப்படியானால் கால்சியத்தைத் தடுத்துவிட்டால் போதுமே? நியாயமான கேள்வி, 1980களில் மருத்துவர்களும் இதைச் சோதித்தார்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் நிஃபெடிபின் போன்ற மருந்துகள் ஆஸ்துமாவில் தந்த பலன் சொற்பம். அவை அடைப்பது செல்லின் வெளிவாசலை. இங்கே கால்சியம் முக்கியமாக வருவதோ உள்ளறையிலிருந்து. (பாலுக்கும் கால்சியம் மாத்திரைக்கும் இதில் பங்கில்லை, பயந்து நிறுத்த வேண்டாம்.) 1969இல் வந்த சால்பியூட்டமால் இன்ஹேலரோ அந்த அலைகளின் வேகத்தையே குறைக்கிறது, சில நிமிடங்களில் தசை தளர்கிறது. அந்த நிம்மதி உண்மையானது, உயிர் காப்பதும்கூட. ஆனால் நான்கைந்து மணி நேரம்தான். குழலின் உட்சுவரில் உள்ள அழற்சியை அது தொடுவதில்லை. அழற்சி நீடிக்கும்வரை, கொஞ்சம் கால்சியத்துக்கே அதிகமாக இறுகும் நிலையில் தசை இருக்கும். அதனால்தான் ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டுதலைத் தரும் ஜினா அமைப்பு, இந்த இன்ஹேலரை மட்டும் தனியாகத் தருவதை 2019இல் கைவிட்டு, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டும் சேர வேண்டும் என்றது.

ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டு, மாஸ்க் போட்டு அதே வேலையைத் தொடரலாமே என்று கேட்கலாம். உடல் ஒருமுறை ஐசோசயனேட்டுக்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், மிகச் சிறிய அளவே மூச்சுக்குழலை மறுபடி இறுக்கப் போதும்; துணி மாஸ்க் அந்த ஆவியைத் தடுக்காது. இரவில் இளைப்பு, விடுமுறை நாளில் குறைவு, வேலைக்குத் திரும்பியதும் மறுபடி இளைப்பு என்றால், மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது செய்யும் வேலையை. சொன்னால் வேலை போய்விடுமே என்ற பயம் பொய்யல்ல. ஆனால் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் ஐசோசயனேட் நச்சைச் சேர்த்திருந்தது. ஆகவே இது தொழிலாளி மறைக்க வேண்டிய பலவீனமல்ல, நிர்வாகம் பொறுப்பேற்க வேண்டிய நோய். சம்பளம் குறையாமல் வேறு பிரிவுக்கு மாற்றுவது அந்தப் பொறுப்பின் முதல் படி. எவ்வளவு சீக்கிரம் மாற்றுகிறார்களோ, நுரையீரல் தேற அவ்வளவு வாய்ப்பு உண்டு.