பழைய காரும் மாற்று உறுப்பும்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது பழமொழி. மோட்டார் வண்டிக்கும் இது பொருந்தும். ஓடி ஓய்ந்து, துருவேறி, பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்த காரும் முற்றும் பயனற்றுப் போவதில்லை. அதன் கியர்ப்பெட்டி ஒரு காருக்கும், பிரேக் இன்னொரு காருக்கும், கதவுக் கைப்பிடி மற்றொன்றுக்கும் உதவுகின்றன. பழைய காரைத் தாமே பழுதுபார்த்து ஓட்டுவோர் பெரிதும் நம்பியிருப்பது இந்த உறுப்பு மாற்றத்தையே. ஒரு வண்டியின் உறுப்பு மற்றொரு வண்டிக்கு எவ்வாறு பொருந்துகிறது? பொருந்தினால் மட்டும் போதுமா? இவற்றுள் பின்னைய வினா, வண்டியில் செல்வோரின் உயிரோடு தொடர்புடையது.

ஒரே அளவு என்னும் கொள்கை

மோட்டார் வண்டி தோன்றிய தொடக்கக் காலத்தில் தொழிலாளர் பல உறுப்புகளை அரத்தால் தேய்த்துத் தேய்த்தே அதனதன் இடத்தில் பொருத்தினர். ஆகவே, ஒரு வண்டிக்கென அமைந்த உறுப்பு, அதே தொழிற்சாலையில் பிறந்த வேறொரு வண்டிக்கும் எளிதிற் சேராது. இந்நிலை மாறத் தொடங்கியதை உலகுக்குக் காட்டியது 1908-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த ஒரு சோதனையாகும்.

அமெரிக்காவில் செய்யப்பட்ட மூன்று காடிலாக் கார்களை, ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில், புரூக்லேண்ட்ஸ் ஓடுகளத்தில் முற்றாகப் பிரித்தனர். உறுப்புகள் அனைத்தையும் ஒன்றாகக் கலந்தனர். அவற்றுட் சிலவற்றை நீக்கிவிட்டு, விற்பனையாளரின் இருப்பிலிருந்து வேறு உறுப்புகளை வைத்தனர். பின்னர், அக்குவியலிலிருந்தே மூன்று கார்களை மீண்டும் பூட்டினர். ஸ்பேனரும் திருப்புளியும் போன்ற எளிய கருவிகளே பயன்பட்டன, அரம் வேண்டியிருக்கவில்லை. மூன்று கார்களும் 500 மைல் ஓடிக் காட்டின. அதற்காக அந்நிறுவனம் டூவர் கோப்பையைப் பெற்றது. இன்று கடையில் ஓர் உறுப்பின் எண்ணைச் சொல்லி வாங்கி, வீட்டிலேயே மாட்ட முடிகிறதென்றால், அதற்கு அடிப்படை இந்த ஒரே அளவுக் கொள்கையே.

மோரிஸ் மைனர் தரும் பாடம்

உறுப்பு மாற்றத்தின் நன்மையையும் இடரையும் ஒருங்கே விளக்கவல்லது மோரிஸ் மைனர் கார். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இவ்வண்டி 1948-இல் இலண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. 1970-களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. மலாயாச் சாலைகளிலும் ஒரு காலத்தில் இது பழகிய காட்சியாகும். இலங்கையில் இதற்கான தகட்டு உறுப்புகளைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பியதும் உண்டு.

முதலில் இதற்கு 918 கன செ.மீ. கொள்ளளவுள்ள எஞ்சின் இருந்தது. 1952-இல் மோரிஸ், ஆஸ்டின் நிறுவனங்கள் இணைந்தபோது, ஆஸ்டினின் 'ஏ' வரிசை எஞ்சின் இதற்குள் புகுந்தது. அதன் கொள்ளளவு முதலில் 803, 1956-இல் 948, 1962-இல் 1098. அதே வரிசையின் 1275 எஞ்சின் எம்.ஜி. மிட்ஜெட், மோரிஸ் மரீனா ஆகிய கார்களில் இடம்பெற்றது. இவையெல்லாம் ஒரு குடும்பத்தவை. ஆதலின் மரீனாவின் எஞ்சினை மைனரில் ஏற்றுவது, பழைய கார் ஆர்வலர் பலர் செய்யும் மாற்றமாயிற்று.

ஆயினும், ஒரே குடும்பம் என்பதனால் எல்லாம் பொருந்திவிடுவதில்லை. 'மினி' காரின் எஞ்சினும் 'ஏ' வரிசையைச் சேர்ந்ததே. ஆனால், அது குறுக்குவாட்டில் கிடப்பது. அதன் கியர்ப்பெட்டி எஞ்சினுக்கு அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அமைந்தது. அதனை அப்படியே தூக்கி மைனரில் வைக்க இயலாது.

பொருந்துவது வேறு, தகுவது வேறு

வெண்பாவில் தேமாச்சீர் நின்ற இடத்தில் கூவிளச்சீரை வைத்துப் பார்ப்போம். இரண்டும் நேரசையில் தொடங்குவன. முன்னுள்ள சீரோடு இடர்ப்பாடு இல்லை. ஆனால், பின்வரும் சீர் நிரையில் தொடங்குவதால் அங்கே தளை தட்டிவிடும். வைத்த சீரில் குற்றம் இல்லை. வைத்த இடத்தில்தான் குற்றம். உறுப்பு மாற்றமும் இத்தகையதே.

948 எஞ்சினின் ஆற்றல் 37 குதிரைத்திறன். 1098-இன் ஆற்றல் 48. இந்தப் பதினொரு குதிரைத்திறனை ஏற்றியபோது, வண்டியைச் செய்தவர்களே முன் சக்கர டிரம் பிரேக்கை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கினர். மிட்ஜெட்டில் இருந்த 1275 எஞ்சினோ 65 குதிரைத்திறன் தந்தது. அத்தகைய எஞ்சினைப் பழைய 7 அங்குல பிரேக் உள்ள மைனரில் ஏற்றுபவர், ஓட்டத்தைக் கூட்டி, நிறுத்தத்தை மறந்தவராவார். அறிந்தோர் மரீனாவின் டிஸ்க் பிரேக்கையும் உடன் பொருத்துவதன் காரணம் இதுவே. ஓட்டும் உறுப்பை மாற்றுமுன் நிறுத்தும் உறுப்பை எண்ணுக.

கண்ணை ஏமாற்றும் ஒற்றுமைகள்

சில உறுப்புகள் பார்வைக்கு ஒன்றாகவே தோன்றும். 1948-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளும் திருகு மரைக்குப் பொது அளவொன்றை ஏற்றன. அவ்வளவில் அமைந்த 5/16 அங்குலத் திருகின் குறுக்களவு 7.94 மில்லிமீட்டர். மெட்ரிக் முறையின் 8 மில்லிமீட்டர் திருகுக்கும் அதற்கும் கண்ணளவில் வேற்றுமை தெரியாது. ஆனால், முன்னதில் மரையின் இடைவெளி ஏறத்தாழ 1.06 மில்லிமீட்டர், பின்னதில் 1.25. ஒன்றை மற்றொன்றின் துளையில் முடுக்கினால் முதற் சுற்றில் ஏறுவதுபோல் காட்டி, பின் இறுகி, மரையை அழித்துவிடும்.

மின்னிணைப்பிலும் இத்தகைய பொறி உண்டு. மைனரில் பேட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். பிற்காலக் கார்களில் எதிர்முனையே அவ்வாறு இணைந்திருக்கும். டைனமோவை எடுத்துவிட்டுப் பிற்கால ஆல்டர்நேட்டரை வைப்பவர் இம்முனைகளை மாற்றி அமைக்க மறந்தால், ஆல்டர்நேட்டர் கருகிப்போகும். பிரேக்குக்கு உரிய திரவத்துக்குப் பதிலாக எஞ்சின் எண்ணெயை ஊற்றுவது இதனினும் கொடிது. அது ரப்பர் வளையங்களை ஊதவைத்து பிரேக்கையே செயலறச் செய்யும்.

மாற்றமும் பேணுதலும்

மைனரின் முன் சக்கரத்தைத் தாங்கும் திருப்புமுளை, மரையிட்ட ஒரு மூட்டுக்குள் சுழல்வது. அங்கே குறித்த தொலைவுக்கு ஒருமுறை கிரீஸ் இடவேண்டும். இடாவிடில் மரை தேய்ந்து, ஒருநாள் மூட்டு கழன்று, சக்கரம் மடிந்துவிடும். புதிய எஞ்சினுக்குப் பெரும்பொருள் செலவிட்டு, சிறிது கிரீஸை மறந்ததால் சாலையில் விழுந்த வண்டி எவ்வளவு விரைவாக ஓடி என்ன பயன்?

வீட்டில் வேலை செய்வோர்க்குச் சில ஒழுங்குகள் இன்றியமையாதவை. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுக. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் புகற்க. உறுதியான தாங்கிகளை நிறுத்துக. பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். ஆதலின் அத்தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க. கழற்றிய வரிசையைத் தாளில் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி வைக்க. பிரேக், திசை திருப்பும் மூட்டு ஆகியவற்றில் கைவைத்த பின், பட்டறிவுள்ள ஒருவரிடம் காட்டியே சாலையில் இறக்குக. எஞ்சினை மாற்றுவதாயின், மலேசியாவில் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலும், சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும்.

பழைய காரைத் தம் கையாலேயே பேணுவது சிக்கனம் மட்டுமன்று. பொருளின் அமைப்பை அறியும் கல்வியுமாகும். ஓர் உறுப்பைக் கையில் எடுத்தவுடன், "இது இங்கே சேருமா?" என்று கேட்பவர் தொடக்க மாணவர். "இது சேர்ந்தால் மற்றவை என்னாகும்?" என்று கேட்பவரே தேர்ந்தவர். அவர் பழுதுபார்த்த வண்டியில் ஒரு குடும்பம் அச்சமின்றி ஏறி அமரலாம்.