பிஸ்டன் மீண்டும் மீண்டும் கெடுவது ஏன்?

ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு வெள்ளை வேர் நோயைப் பற்றி நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இலை பழுத்து மரம் பட்டுப்போகும். அதே இடத்தில் புதுக் கன்றை நட்டால், சில காலத்தில் அதுவும் பட்டுப்போகும். கன்றின்மேல் குற்றமில்லை. மண்ணுக்குள் கிடக்கும் பழைய வேர்த்துண்டில் நோய் இருக்கிறது. அதைத் தோண்டி எடுக்காமல் எத்தனை கன்று நட்டாலும் பயனில்லை. படகு மோட்டாரில் பிஸ்டன் அடிக்கடி கெடுவதும் இதே கதைதான்.

புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்து மக்களுக்குக் கடல் தூரமில்லை. ஜூரு ஆற்று முகத்துவாரம் பக்கத்திலேயே இருக்கிறது. ஓய்வு நாளில் மீன் பிடிக்கச் செல்வதற்காக நாங்கள் சிலர் பணம் போட்டு ஒரு சம்பானும், அதன் பின்பலகையில் மாட்டும் பழைய மோட்டாரும் வாங்கினோம். இரண்டு சிலிண்டர் கொண்ட மோட்டார். ஒரே ஆண்டில் மேல் சிலிண்டரின் பிஸ்டன் இரண்டு முறை கெட்டது. முதல் முறை பட்டறையில் புதுப் பிஸ்டன் போட்டுக் கொடுத்தார்கள். ஏன் கெட்டது என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டாம் முறை மோட்டார் நின்றபோது நீர் வற்றும் நேரம். படகில் இரண்டு சிறுவர்கள் இருந்தார்கள். ஆற்று நீர் எங்களைக் கடலை நோக்கி இழுத்தது. கையில் இருந்ததோ ஒரே ஒரு துடுப்பு. கரை சேர்ந்தபோது எங்கள் உள்ளங்கை கொப்புளித்திருந்தது. அன்றுதான் காரணத்தைத் தேடாமல் இனிப் பணம் செலவழிப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

இவ்வகை மோட்டாரை 1909ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் விற்பனைக்குக் கொண்டுவந்து புகழ் பெற்றவர், நார்வேயில் பிறந்த ஓலி எவின்ரூட். பழைய மோட்டார்களில் பெரும்பாலானவை தோட்டத்தில் தோளில் மாட்டிப் புல் வெட்டும் இயந்திரத்தைப் போல, பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஓடுபவை.

பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியம் சுமார் 660 டிகிரி செல்சியஸில் உருகும். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பமோ 2000 டிகிரியையும் தாண்டும். அப்படியானால் பிஸ்டன் ஏன் உருகுவதில்லை? அதற்கு மூன்று காவலர்கள் உண்டு. ஒன்று, உராய்வைக் குறைக்கும் எண்ணெய். இரண்டு, சூட்டைத் தணிக்கும் அளவான பெட்ரோல். மூன்று, சிலிண்டரைச் சுற்றி ஓடும் நீர். இவற்றில் ஒன்று தவறினாலும் பிஸ்டன் தப்பாது.

எனவே கெட்ட பிஸ்டனைத் தூக்கி எறியாதீர்கள். அதுதான் நமக்குச் சாட்சி. பிஸ்டனின் பக்கங்கள் கீறிப் பற்றியிருந்தால் எண்ணெய்க் குறைவையோ, நீரோட்டக் குறைவையோ முதலில் சந்தேகிக்க வேண்டும். தலையின் நடுவில் உருகித் துளை விழுந்திருந்தால், பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்திருக்கலாம். அல்லது பொருந்தாத பிளக் மாட்டியிருக்கலாம். தலையின் ஓரம் எறும்பு அரித்ததுபோல் இருந்தால், எரிபொருள் முறைதவறி வெடித்திருக்கிறது. தீப்பொறி விழும் நேரத்தைச் சோதிக்க வேண்டும். பிளக்கின் முனையையும் பாருங்கள். பழுப்பு நிறம் நல்லது. சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடாகிறது.

அடுத்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். இரண்டு சிலிண்டரும் கெட்டனவா, ஒன்று மட்டுமா? இரண்டும் கெட்டால் இரண்டுக்கும் பொதுவானதில் குறை தேட வேண்டும். கலவை எண்ணெய், பெட்ரோல் குழாய், நீர்ப் பம்பு ஆகியவை பொதுவானவை. ஒன்று மட்டும் கெட்டால் அதற்கே உரியதில் தேட வேண்டும். எங்கள் மோட்டாரில் கீழ்ப் பிஸ்டன் பழுதின்றி இருந்தது. கலவை ஒன்றே என்பதால் எண்ணெயின்மேல் பழி இல்லை என்று தெரிந்தது.

மேல் சிலிண்டருக்குத் தனிக் கார்புரேட்டர். அதன் துளையில் அடைப்பில்லை. நீர் செல்லும் வழியில் உப்பும் சேறும் கொஞ்சம் இருந்தன, சுத்தம் செய்தோம். பிறகு தலைச் சக்கரத்தைக் கழற்றினோம். அதன் அடியில் பெட்ரோலும் எண்ணெயும் கசிந்து ஈரமாக இருந்தது. சுழல் தண்டின் மேல்முனையில் உள்ள ரப்பர் சீல் காய்ந்து விறைத்துப் போயிருந்தது. அந்த இடுக்கு வழியாக மேல் சிலிண்டருக்குள் காற்று புகுந்தது. காற்று மிகுந்ததால் பெட்ரோல் குறைந்தது; பெட்ரோலோடு வரவேண்டிய எண்ணெயும் குறைந்தது. பிஸ்டன் கெட்டதற்கு வேர் அங்கேதான் இருந்தது. பிஸ்டனோடு ஒப்பிட்டால் அந்தச் சீலின் விலை மிகச் சிறிது.

காரணம் தெரிந்த பின்னரும் அவசரம் கூடாது. உடைந்த பிஸ்டனின் துகள் தண்டுப் பெட்டியில் தங்கினால் பேரிங்கைக் கெடுத்து, புதுப் பிஸ்டனையும் கெடுக்கும். முழுவதும் கழுவ வேண்டும். சிலிண்டரின் உட்சுவரை மேலும் கீழும், குறுக்கும் நெடுக்கும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வட்டம் கெட்டிருந்தால் சுவரைக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடவேண்டும். எண்ணெய் அளவை மோட்டாரின் கையேட்டைப் பார்த்தே கலக்குங்கள். 50க்கு 1 என்றால் 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லிலிட்டர். மிகப் பழைய மோட்டார் சிலவற்றுக்கு 25க்கு 1, அதாவது 400 மில்லிலிட்டர். புதுப் பிஸ்டன் போட்டதும் முழு வேகத்தில் விரட்டாமல் மெல்லப் பழக்குங்கள். மோட்டாரிலிருந்து பீச்சும் நீர் மெலிந்தால் உடனே நிறுத்துங்கள். நீர்ப் பம்பின் ரப்பர் இறக்கையைச் சேறு விரைவில் தேய்த்துவிடும். நீரில்லாமல் மோட்டாரை ஒரு நிமிடமும் ஓட்டாதீர்கள்.

எங்கள் மோட்டார் அதன் பிறகு அப்படி நின்றதில்லை. ஆனாலும் படகில் இப்போது இரண்டு துடுப்புகளும், ஆளுக்கொரு மிதவைச் சட்டையும் இருக்கின்றன. பட்டறைக்குச் செல்லும்போது, "புதிது போட எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன், "பழையது ஏன் கெட்டது?" என்று கேளுங்கள். உழைத்துச் சேர்த்த பணத்தையும், நம்மை நம்பிப் படகில் ஏறும் பிள்ளைகளையும் அந்த ஒரு கேள்வி காப்பாற்றும்.