ஏணிப் படம்

கணிப்பொறிக்குக் கட்டளையிட எழுத்தும் எண்ணும் இன்றியமையாதன என்று பலர் கருதுவர். படம் வரைந்தும் கட்டளையிடலாம். அத்தகைய படமொழிகளுள் தொழிற்சாலைகளில் நெடுங்காலமாக வழங்கி வருவது ஏணிப் படம் ஆகும்.

முன்னாளில் தொழிற்சாலைப் பொறிகளை ரிலே என்னும் மின்காந்தக் கருவிகள் கட்டுப்படுத்தின. ரிலேயின் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும். அத்தகடு வேறொரு மின்சுற்றை மூடும் அல்லது திறக்கும். பெரிய ஆலைகளில் இவை நூற்றுக்கணக்கில் இருந்தன. செய்யும் பொருளின் அமைப்பு மாறுந்தோறும் கம்பிகளைப் பிரித்து மீண்டும் இணைக்க வேண்டியிருந்தது. அதனால் காலமும் பொருளும் மிகுதியாகச் செலவாயின.

1968-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இதற்கு மாற்று ஒன்றை நாடியது. டிக் மார்லி முதலியோர் உருவாக்கிய மாடிகான் 084 என்னும் கட்டுப்பாட்டுக் கருவி 1969-இல் அந்நிறுவனத்துக்கு வழங்கப்பெற்றது. அதன்பின், கம்பிகளைத் தொடாமல் கட்டளையை மட்டும் மாற்றினாலே போதியதாயிற்று.

ஆயினும், பொறி நின்றுவிட்டால் சீர்செய்ய வருபவர் மின்பணியாளர். அவர் கணிப்பொறி மொழிகளைப் பயின்றவர் அல்லர். ரிலேச் சுற்றின் படத்தையோ அவர் நன்கு அறிவார். ஆகவே, அவர் அறிந்த அப்படமே புதிய கருவியின் மொழியாக அமைந்தது.

இப்படத்தில் இரண்டு நெடுங்கோடுகளும் அவற்றை இணைக்கும் படிகளும் உண்டு. ஒவ்வொரு படியிலும் இடப்புறம் நிபந்தனைகளும் வலப்புறம் நிகழ வேண்டிய செயலும் இருக்கும். நிபந்தனைகள் ஒரே வரிசையில் நின்றால் யாவும் நிறைவேற வேண்டும். ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிளைத்து நின்றால் ஏதேனும் ஒன்று நிறைவேறினாலே போதும்.

மோட்டாரை இயக்கும் படி ஒன்றைக் காண்போம். 'தொடங்கும் பொத்தான் அழுத்தப்பட்டது' என்பது ஒரு நிபந்தனை. அதன்கீழ்க் கிளையாக, 'மோட்டார் ஓடுகிறது' என்பதும் வரையப்படும். பொத்தானிலிருந்து கையை எடுத்த பின்னரும் அக்கிளை மோட்டாரை ஓடச் செய்யும். நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் வழி அறுபடும். மின்சாரம் தடைப்பட்டாலும் மோட்டார் நின்றுவிடும். மின்சாரம் மீண்டதும் தானே ஓடாது. பொறியருகே நிற்பவர்க்கு எதிர்பாராத் தீங்கு நேராமல் காப்பதற்கு இவ்வமைப்புத் துணை செய்கிறது.

பழுது நேர்ந்தபோதும் படம் உதவுகிறது. நிறைவேறிய நிபந்தனைகள் திரையில் வேறுபடுத்திக் காட்டப்படுவதால், வழி எங்கே அறுந்தது என்பதைப் பணியாளர் கண்டுகொள்கிறார்.

நீண்ட கணக்குகளுக்கு ஏணிப் படம் ஏற்றதன்று; படிகள் பெருகினால் குழப்பமும் பெருகும். அவ்விடத்தில் எழுத்துமொழியே சிறக்கும். 1993-இல் வெளிவந்த பன்னாட்டுத் தரநூல் ஏணிப் படத்தையும் எழுத்துமொழிகளையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டது.

பெட்டிகளைக் கோடுகளால் இணைக்கும் லேப்வியூ 1986-இலும், வண்ணக் கட்டைகளை அடுக்கிச் சிறுவர் கட்டளையிடும் ஸ்கிராட்ச் 2007-இலும் வெளிவந்தன. முன்னது அளவைக் கருவிகளைக் கையாளும் அறிவியலார்க்கும், பின்னது இளம் மாணவர்க்கும் ஏற்ப அமைந்தது. பொறியோடு நாளும் பழகுவோர், அதன் கட்டளையைத் தாமே படித்தறியவும் திருத்தவும் வல்லவராதல் வேண்டும். ஏணிப் படம் அவ்வுரிமையைத் தொழிலாளர்க்கு வழங்கியது.