சாத்தான்குளத்துக் காற்றும் பொதிகை மழையும்

ஆனி, ஆடி மாதங்களில் சாத்தான்குளத்துப் பக்கம் வீசும் மேல்காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முருங்கைக் கிளை முறியும்; பனையோலை பறக்கும்; தேரியின் செம்மணல் திண்ணை வரை வந்து படியும். இந்தத் தேரி மேடுகளைக் குவித்ததிலேயே அந்தக் காற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. இவ்வளவு அடித்தும் ஒரு சொட்டு மழை இருக்காது.

அதே நாளில், நேர்கோட்டில் 80 கிலோமீட்டருக்குள் இருக்கும் பொதிகை மலையில் ஒருவர் நடந்துகொண்டிருந்தால் அவருக்குப் பல் கிடுகிடுக்கும். முன்னால் போகிறவரின் முதுகுகூடத் தெரியாத மூடுபனி, விடாத மழை, காலை வைத்தால் வழுக்கும் பாறை. அங்கே ஆளை நனைத்து நடுக்குவதும் இங்கே மண்ணைக் காயவைப்பதும் ஒரே காற்றுதான். அதை மாற்றி அனுப்புவது மலை.

அரபிக்கடலின் ஈரத்தோடு வரும் தென்மேற்குக் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதினால் மேலேறித்தான் ஆக வேண்டும். உயரப் போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் காற்று விரியும். விரிவதற்கு வேண்டிய ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே எடுப்பதால் குளிரும். மேகம் திரளாத வரை, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் குறையும். திரளத் தொடங்கிவிட்டால் கதை வேறு. நீராவி நீராகும்போது தன்னுள் வைத்திருந்த வெப்பத்தை வெளியே விடும். அதனால் குளிரும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

தோராயமாக ஒரு கணக்குப் போடலாம். கேரளக் கரையில் 28 டிகிரியில் கிளம்பும் காற்று, அரை கிலோமீட்டர் உயரத்தில் மேகமாகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே 23 டிகிரி. பொதிகையின் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலை உச்சியைத் தொடும்போது சுமார் 16. ஈரத்தை மழையாகக் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும்போது காற்று அழுத்தப்பட்டுச் சூடேறும். இப்போது மேகம் இல்லை. எனவே கிலோமீட்டருக்கு முழு 10 டிகிரி ஏறும். தரைக்கு வரும்போது 35-ஐ நெருங்கிவிடும். 28-ல் ஏறியது 35-ல் இறங்குகிறது! கூடுதலான அந்த 7 டிகிரி வெயில் தந்ததல்ல. பொதிகையில் பெய்த மழை காற்றில் விட்டுச்சென்ற வெப்பம். ஆல்ப்ஸ் அடிவாரத்தில் உறைபனியை உருக்கும் வெப்பக்காற்றும் இந்த வகைதான்.

மழையை மலை வாங்கிக்கொள்ள, வெப்பம் மட்டும் சாத்தான்குளத்துக்கு வருகிறது. அந்த மழைநீரில் ஒரு பகுதி தாமிரபரணியாகி வேறு வழியில் கடலுக்குப் போய்விடுகிறது. அதன் வெள்ளநீரைச் சாத்தான்குளம் வட்டத்து எம்.எல். தேரி வரை கொண்டுவரத்தான் சுமார் 75 கிலோமீட்டருக்கு வெள்ளநீர்க் கால்வாய் வெட்டினார்கள்.

உயரே போனால் காற்று எப்படி மாறுகிறது என்பதை இந்த மலையிலேயே அளக்க முயன்றவர் ஜான் ஆலன் ப்ரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். திருவிதாங்கூர் மன்னரின் திருவனந்தபுரம் ஆய்வகத்துக்கு இயக்குநராக இருந்தவர். 1855-ல் அகத்தியர் மலை உச்சியில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். கீழேயும் மேலேயும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டால் உயரம் செய்யும் வேலை பிடிபடும் என்பது அவர் எண்ணம். தானியங்கிக் கருவி இல்லாத காலம். மழையோ பனியோ, ஓர் ஆள் அங்கேயே இருந்து கருவியைப் பார்த்து எழுதியாக வேண்டும்.

இன்று இந்த மலைக்குப் போகிறவர்கள் கேரளத்தின் போணக்காட்டிலிருந்து ஏறுகிறார்கள். பகல் முழுதும் காட்டில் நடந்து, அதிருமலை முகாமில் இரவு தங்கி, மறுநாள் உச்சிக்குப் போக வேண்டும். கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற முடியும். இரண்டு பருவமழையும் ஓய்ந்த ஜனவரியை ஒட்டித்தான் வனத்துறை அனுமதி தருகிறது. ஆனால் மலைக்குக் காலண்டர் தெரியாது. அப்போதும் மூடுபனியும் மழையும் வரலாம்.

உச்சிக்கு நாம் கணக்கிட்ட 16 டிகிரி என்ன பெரிய குளிர், வீட்டு ஏசியையே 16-ல் வைப்பவர்கள் உண்டே என்று தோன்றலாம். உலர்ந்த உடம்புக்கு அது சரி. நனைந்த உடம்புக்கு அல்ல. நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஈரத்துணியிலிருந்து ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் 2,400 ஜூல் அளவுக்கு வெப்பத்தைக் கொண்டுபோகும். தோலை ஒட்டியிருக்கும் வெதுவெதுப்பான காற்றுப் படலத்தையும் வீசும் காற்று உரித்து எடுத்துவிடும். ஜீன்ஸ், பருத்திச் சட்டை, வேட்டி எல்லாம் நீரைக் குடித்துக்கொண்டு லேசில் காயாதவை.

உடலின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்கிவிட்டது என்று பொருள். முதலில் நடுக்கம். பிறகு விரல் சொன்னபடி கேட்காது. சட்டைப் பொத்தானைப் போட முடியாது. பேச்சு குழறும், கால் தடுமாறும். இன்னும் குளிர்ந்தால் நடுக்கம் நின்றுவிடும். தேறிவிட்டார் என்று நினைக்கக் கூடாது. நடுங்கி வெப்பம் உண்டாக்கவும் உடலுக்குத் தெம்பில்லை என்பதே அதன் பொருள். நிதானமும் போய்விடுவதால் குளிர் தாக்கியவருக்கே தன் நிலை தெரியாது. கூட வருபவர்தான் கவனிக்க வேண்டும்.

அடுத்த எமன் காட்டாறு. நிற்கும் இடத்தில் வானம் வெளுத்திருக்கும். மேலே எங்கோ பெய்த மழை சில நிமிடங்களில் ஓடையை நிரப்பிவிடும். 2015 மே மாதம் சதுரகிரி மலையில் பக்தர்களை அடித்துச் சென்றது அப்படி வந்த வெள்ளம்தான். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று இறங்கியவர்கள் தப்பாததற்கு இந்தக் கணக்கே காரணம்.

மலையேற ஆசைப்படுகிறவர்கள் வனத்துறை அனுமதியோடும், காட்டை அறிந்த காணி மக்களின் துணையோடும் போங்கள். ஒரு மாற்றுடையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நனையாமல் வைத்திருங்கள். ஓடையில் நீர் கலங்கி ஏறினால் வடியும்வரை காத்திருங்கள். வழிகாட்டி ‘திரும்புவோம்’ என்றால், உச்சி கண்ணுக்கெதிரே தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள். அடுத்த ஆண்டும் அனுமதி கிடைக்கும்.