வில்லங்கச் சான்று மட்டும் போதுமா?

முதன்முதலாக நிலம் வாங்கும் சிறு விவசாயிகள் பலர், வில்லங்கச் சான்றைப் பார்த்ததும் அச்சாரம் கொடுத்துவிடுகிறார்கள். அதில் தெரியாத விஷயங்களும் உண்டு.

அசல் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடன், பதிவு செய்யப்படாவிட்டால் சான்றில் வராது. எனவே, நகலை நம்பாமல் அசலையே கேட்டுப் பார்க்க வேண்டும்.

பூர்வீகச் சொத்தானால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தப்படி மகள்களுக்கும் சம பங்கு உண்டு. கட்டிக்கொடுத்த பெண்களின் கையெழுத்தும் கிரையப் பத்திரத்தில் இருக்க வேண்டும்.

வண்டிப்பாதையும் கிணற்றுப் பங்கும் வாய்ப்பேச்சோடு நின்றுவிடக் கூடாது. விற்பவர் தம் மீதி நிலத்தில் விடும் வழியை, நாளை அவர் மகன் அடைத்துவிடலாம். பாதையின் அகலம், கிணற்றில் எத்தனை பங்கு, தண்ணீர் முறை ஆகியவற்றைப் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்துகொள்வது நல்லது.

இவற்றைப் பேசி முடித்து, சர்வேயரைக் கொண்டு நிலத்தை அளந்த பின்னரே அச்சாரம் கொடுக்க வேண்டும்.